எண் போடாத எட்டுப் பக்கங்கள்

எங்கள் தெரு அம்மன் கோவிலில் பாட்டுக்குப் பெயர் கிடையாது. எண்தான். "இன்னிக்கு ஒம்போது பாடலாமா?" என்று ஒருத்தி கேட்டால், "போன வாரம்தான பாடுனோம், பதினொண்ணு பாடலாம்" என்று இன்னொருத்தி சொல்லுவாள். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாங்கள் ஏதோ சீட்டாட்டம் ஆடுகிற மாதிரி இருக்கும்.

கோவில் மயிலாப்பூர்க் குளத்துக்குச் சற்றுத் தள்ளி, தெரு முனையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆட்டோ ஸ்டாண்டு, இன்னொரு பக்கம் கரும்புச்சாறு மெஷின். பஸ் திரும்புகிற இடம் வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பாட உட்காரும்போது, முன்னால் இருக்கிற மாமி பாட்டின் முதல் அடியைச் சொன்னால் பின்வரிசைக்கு எட்டாது. அதனால் மாமி பக்க எண்ணைச் சொல்லி, விரலையும் விரித்துக் காட்டுவார். அப்படியே பழகிவிட்டது.

அந்தப் பாட்டுப் புத்தகம் மாமி கையால் எழுதியது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மொத்தம் இருபத்திரண்டு பக்கம். ஜெராக்ஸ் எடுத்து, முதுகில் பின் அடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் பக்கத்தின் அடியில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மாமியே எண் போட்டுக் கொடுத்தார். பதினாலு ஊஞ்சல் பாட்டு. இருபத்திரண்டு மங்களம். மங்களம் பாடிவிட்டால் பூஜை முடிந்தது என்று அர்த்தம். கற்பூரம் காட்டிவிடுவார்கள், சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மாமி எண்ணைச் சொன்னதும் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் பூக்காரி. அவள் குரல் அப்படி. கரும்புச்சாறு மெஷினே அடங்கிப்போகும். ஆற்றோரம் இருந்த அவள் வீட்டை அரசாங்கத்தில் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பூக்கூடை இங்கே கோவில் வாசலில்தான். பஸ் பிடித்து வருகிறாள், பஸ் பிடித்துப் போகிறாள். கூடையை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். நானும் கடைசி வரிசைதான், ஆனால் கூச்சத்தினால். ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள். பாதி நாள் வாயை மட்டும் அசைத்துவிட்டு வருவேன். அதனால் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமி ஆறு என்றார். பூக்காரி விரலை எச்சில் தொட்டு, ஆறாம் பக்கத்தைத் திருப்பி, பாட ஆரம்பித்தாள். அடிக்கு அடி வலது கை விரல் புத்தகத்தில் நகர்ந்துகொண்டே வந்தது. நான் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். அவள் புத்தகத்தில் ஆறாம் பக்கம் வெறும் தாள். ஜெராக்ஸ் மெஷின் அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தது. அடியில் ஸ்கெட்ச் பேனாவில் ஆறு என்று எண் மட்டும் பெரிதாக இருந்தது. அவள் விரல் அந்த வெள்ளைத் தாளில் இடமிருந்து வலம் போய், மறுபடியும் இடப்பக்கம் வந்து, ஒழுங்காக வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் ஒரு சொல் தப்பவில்லை.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு எழுத்து தெரியாது என்று. எண் தெரியும். பஸ் எண் பார்த்து ஏறுகிறவள், பூ விற்றுச் சில்லறை கொடுக்கிறவள். எந்த எண்ணுக்கு எந்தப் பாட்டு என்று அத்தனையும் மனசில் வைத்திருந்தாள். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொள்வது, எல்லோரும் பிடித்திருக்கிறார்களே என்றுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடமும் கேட்கவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்த வருஷம் ஆடிக்கு முன்னால் மாமி ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், அம்மனுக்கு ஏதோ வேண்டுதல், பாட்டுப் புத்தகத்தை அச்சடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நல்ல வழவழ தாள், கலர் அட்டை. முன்னால் சில பக்கங்கள் சேர்க்க வேண்டும். அம்மன் படம் ஒரு பக்கம், அண்ணாச்சியின் அப்பா அம்மா படம் ஒரு பக்கம், அவருடைய வாழ்த்து ஒரு பக்கம், மாமியின் முன்னுரை இரண்டு பக்கம், பாடுகிற பெண்கள் பெயர் எல்லாம் ஒரு பக்கம், பொருளடக்கம் இரண்டு பக்கம்.

"டைப் பண்றது உங்காத்துக்கு எதிர்க்கடையிலதான்" என்று மாமி என்னிடம் சொன்னார். "எனக்கு முட்டி வலில படி ஏற முடியலை. நீ கொஞ்சம் போய்ப் பாத்துண்டு வாயேன். பழைய புஸ்தகத்துல இருக்கற மாதிரியே, பக்கத்துக்குப் பக்கம் அப்படியே வரணும்னு சொல்லு. வேற ஒண்ணும் பேச வேண்டாம், உக்காந்திருந்தாப் போதும்."

உட்கார்ந்திருப்பது எனக்கு வரும். போனேன்.

டைப் கடையில் ஒரு பெண் இருந்தாள். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவள் ஒருத்திதான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு வரி அடிப்பாள். "உக்காருங்கம்மா, ஃபேன் பக்கம் தள்ளி உக்காருங்க" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. பாட்டெல்லாம் அடித்து முடித்த அன்றைக்கு ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தாள். எழுத்து நன்றாகப் பெரிதாக இருந்தது. என் கண்ணுக்கே கூட்டிப் படிக்க வந்தது. சந்தோஷமாகப் புரட்டினேன். முதல் பாட்டு வந்தது. அதன் அடியில் ஒன்பது என்று இருந்தது.

தாள்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். பிறகு பதினாலாம் பாட்டைத் தேடினேன். ஊஞ்சல் பாட்டுக்கு அடியில் இருபத்திரண்டு.

ஆடி வெள்ளி அன்றைக்கு அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். மைக் இருக்கும், தெருவே கூடும், அண்ணாச்சி குடும்பத்தோடு வருவார். மாமி புதுப் புத்தகத்தைப் பார்த்து, மைக்கில் இருபத்திரண்டு என்பார். பூக்காரி இருபத்திரண்டைத் திருப்புவாள். அங்கே அடித்திருப்பது ஊஞ்சல் பாட்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு இருபத்திரண்டு என்றால் மங்களம். அத்தனை பேர் நடுவில், அம்மன் ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்த உடனே, அந்தப் பெரிய குரலில் மங்களம் பாடிப் பூஜையை முடித்துவிடுவாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணுக்கு முன்னால் புத்தகம் இருக்கும்போது ஏன் தப்பினாள் என்று யாராவது ஒருத்தி யோசித்தால் போதும்.

முன்னாடியே அவளிடம் சொல்லிவிடலாமே என்றால், "ஏன் எனக்கு மட்டும் சொல்ற?" என்று கேட்பாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது எனக்கு ஆகவில்லை.

தொண்டையைச் சரி செய்துகொண்டு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஏம்மா, முதல் பாட்டுக்கு ஒண்ணுன்னு போட முடியாதா?"

"கம்ப்யூட்டர் தானா போடுறதும்மா அது. முதல் தாள்லருந்து எண்ணிக்கினே வரும்."

"முன்னால இருக்கிறத எண்ணாம விட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாத பொம்மை பேசியது மாதிரி இருந்திருக்கும். "சரி, முன்னாடி எட்டுப் பக்கத்துல நம்பர அழிச்சிடறேன், இருங்க" என்று அம்மன் படத்துக்கு அடியில் இருந்த ஒன்றை அழித்தாள். கீழே இறக்கிப் பார்த்தால் மொத்தப் புத்தகத்திலும் ஒரு எண்கூட இல்லை. "அடடா" என்று திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி அழித்தாள். மறுபடியும் எல்லாம் போயிற்று. ஒரு இடத்தில் கை வைத்தால் எல்லா இடத்திலும் போகிறது.

"ஒட்டுக் குடித்தனம் மாதிரி கீதும்மா" என்று சிரித்தாள். "ஒரு வீட்டுல லைட்ட அணைச்சா எல்லா வீட்லயும் அணையுது."

பிறகு எண்ணின் மேல் வெள்ளைக் கட்டம் ஒன்று வைத்து மறைத்தாள். முன்னால் எட்டுப் பக்கம் சுத்தமாகிவிட்டது. ஆனால் முதல் பாட்டுக்கு அடியில் அதே ஒன்பது. மறைத்துவிட்டாலும் கம்ப்யூட்டர் எண்ணுவதை விடவில்லை.

"இது போதாதாம்மா? நிறையப் புத்தகத்துல இப்பிடித்தான் வருது."

நான் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டியவள். என் சுபாவம் அதுதான். கடையில் அழுகின தக்காளியைப் போட்டால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ எழுந்திருக்கவில்லை. "ஒண்ணுதாம்மா வேணும்" என்றேன். குரல் எனக்கே கேட்டது.

அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டு, போனில் யாரோ ஒருவர் செய்து காட்டுகிற வீடியோவைப் போட்டாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பிறகு முதல் பாட்டின் தலைப்புக்கு முன்னால் கொண்டுபோய் அம்பை வைத்து, மேலே எதையோ அழுத்தினாள். பொருளடக்கத்துக்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு விழுந்தது.

"இப்ப ரெண்டு தனி வீடும்மா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஆனா கரண்ட் லைன் இன்னும் ஒண்ணாத்தான் கீது, முந்தின பகுதியோட இணைப்புன்னு போட்டுருக்கு பாருங்க. இத்த முதல்ல எடுத்துடணும். அதத்தான் நான் வுட்டுட்டேன்." பாட்டுப் பக்கத்தின் அடியில் போய் அந்த இணைப்பை எடுத்தாள். எண் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. அதில் ஒன்று என்று அடித்தாள். அதற்குப் பிறகு மேலே அம்மன் படத்துக்குப் போய் அங்கிருந்த எண்ணை அழித்தாள். இருவரும் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தோம். முன்னால் எட்டுப் பக்கம் காலி. முதல் பாட்டு ஒன்று. இறக்கினாள், பதினாலு ஊஞ்சல். இன்னும் இறக்கினாள். கடைசியில் மங்களம், இருபத்திரண்டு.

"வந்துச்சும்மா!" என்று என் தோளில் தட்டினாள். "எத்தினி பேரு காலேஜ் புராஜெக்டுக்கு இத்த கேட்டாங்க, முடியாதுன்னு அனுப்பிக்கினு இருந்தேன் நான்."

மறுநாள் நான் போய் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பிரதியைக் கையில் வாங்கி, அப்பா அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அடியில் பார்த்தார்.

"என்னம்மா, நம்பரைக் காணோம்? அம்மன் படம் அட்டைக்கு உள்பக்கம் போவட்டும், அப்பாம்மா ஒண்ணாம் பக்கத்துல வரணும்னு சொன்னேம்லா?"

டைப் அடிக்கிற பெண் என்னைப் பார்த்தாள். "இவங்கதான் சார் பாட்டுலருந்து ஒண்ணு வேணும்னு சொன்னாங்க."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷன், கை நிறையச் செலவு செய்கிறார், அவருடைய அப்பா அம்மாவுக்கு ஒன்றாம் எண் வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அது தப்பா? என்ன சொல்லி மறுப்பது? எழுந்து நின்றுவிட்டேன். நின்றதால் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, வீட்ல அப்பா அம்மா படம் மாட்டிருப்பீங்களே..."

"ஆமா. கடையிலயும் இருக்கு. அதுக்கென்ன?"

"அதுக்கு நம்பர் போட்டா மாட்டிருக்கீங்க? சாமி படத்துக்கும் பெத்தவங்க படத்துக்கும் எண்ணிக்கை வேணாங்க. அதெல்லாம் எண்ணுறதுக்கு முன்னாடியே இருக்கிறது. நாங்க எண்ணிப் பாடுறது பாட்டு மட்டுந்தான்."

இவ்வளவு நீளமாக நான் அந்நிய மனுஷரிடம் பேசினதே இல்லை. ஏதோ சமாளிக்கச் சொன்னது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். சொல்லி வரும்போது எனக்கே அது சரியாகத்தான் பட்டது.

அண்ணாச்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அம்மைக்கு நம்பரே தெரியாது தாயி" என்றார். "கடையில பித்தளைக் குடத்தைத் தட்டிப் பாத்தே இன்ன எடைன்னு சொல்லுவா." பிறகு பிரதியை மேசையில் வைத்தார். "சரி, இருக்கட்டும். ஆனா பூ பார்டர் ஒண்ணு போட்டிருங்க."

மாமிக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஏன், ஒன்பதுலேந்து வந்தா என்ன? எல்லாரும் பழகிண்டிருப்பாளே" என்றார்.

"எனக்குத்தான் மாமி குழப்பமா இருக்கும். பழைய நம்பர்தான் மனசுல நிக்குது."

"உனக்கா? பாடவே மாட்டே, உனக்கென்ன குழப்பம்?" என்று மாமி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஆடி வெள்ளி வந்தது. பந்தல், மைக், தெருவை அடைத்துக் கூட்டம். அண்ணாச்சி குடும்பம் முன்வரிசையில். எல்லோர் கையிலும் புதுப் புத்தகம், அச்சு மை வாசனையோடு. பூக்காரி அன்றைக்குக் கூடையைக் கூட்டத்தில் போகிறவர்கள் மிதிக்காதபடி ஓரமாகத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மனை ஊஞ்சலில் ஏற்றினார்கள். மாமி மைக்கில், "எல்லாரும் எடுத்துக்கோங்கோ, பதினாலு" என்றார்.

பூக்காரி புத்தகத்தைத் திறந்தாள். முதல் தாளின் அடியைப் பார்த்தாள், எண் இல்லை. அடுத்த தாள், இல்லை. அடுத்தது, இல்லை. அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. எண் சரியாக வந்துவிட்டது என்று இருந்துவிட்டேன், எண்ணே இல்லாத பக்கங்கள் அவளை என்ன செய்யும் என்று நினைக்கவில்லை. மைக்கில் மாமி மறுபடியும், "பதினாலு" என்றார்.

என் புத்தகத்தை அவள் மடிப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன். எண் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அதில் நான் முன்பே முதல் பாட்டைத் திருப்பி வைத்திருந்தேன், அடியில் ஒன்று தெரிந்தது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தன் புத்தகத்தில் சரசரவென்று தாள்களைத் தள்ளினாள். ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரே புரட்டில் பதினாலு. மூச்சை இழுத்து முதல் அடியைப் பாடினாள். ஊஞ்சல் நகர்ந்தது. கடைசியில் மாமி இருபத்திரண்டு என்றபோது அவள் புத்தகத்தைப் பார்க்கக்கூட இல்லை, கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே மங்களத்தை எடுத்தாள்.

முடிந்ததும் மாமி மைக்கை விடாமல், "பழைய நம்பரே இருக்கணும்னு நம்ம கடைசி வரிசைக்காரி ஒத்தைக் கால்ல நின்னாளாக்கும்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முந்தானைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கூட்டம் கலைந்தபின், சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பூக்காரி கேட்டாள். "நீயாம்மே நம்பர மாத்த வேணாம்னு சொன்னது?"

"ஆமா. எனக்குக் குழம்பிடும்."

"உனுக்கு இன்னாத்துக்குக் குழம்பும்? நீதான் அஞ்சாவது படிச்சிக்கீறியே."

நான் என் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் மிச்சச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து, எண் போடாத பக்கங்களை என் முன்னால் நீட்டினாள். குரலை நன்றாக இறக்கிக்கொண்டாள். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகக்கூட வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படி."

கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். அண்ணாச்சியின் வாழ்த்து, மாமியின் முன்னுரை. நடுநடுவே திணறினேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அடுத்த பக்கம் வந்ததும், "இது நம்ம பேரு எல்லாம். பாடுறவங்க பேரு" என்றேன்.

"என் பேரும் கீதா?"

"கீது." விரலை வைத்துக் காட்டினேன். மூன்றே எழுத்துப் பெயர்.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். "மேலேர்ந்து எத்தினியாவது?"

எண்ணிப் பார்த்துச் சொன்னேன். "ஏழாவது."

"ஏழு" என்றாள். புத்தகத்தை மூடினாள். வாசலில் ஒருவர் ஒரு முழம் மல்லி கேட்டார். எழுந்து போய் அளந்து கொடுத்துவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்து, தானாகவே புத்தகத்தைத் திறந்தாள். எண் இல்லாத தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, பெயர்ப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். மேலேயிருந்து விரலை வரி வரியாக இறக்கி, ஏழில் நிறுத்தினாள். சரியா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.